மண்ஜாடி இருந்த இடம்

எதிர்வீட்டு லிஃப்ட்காரருக்குக் கண் தெரியாது என்பது எனக்கு உடனே தெரியவில்லை. நான் குடிவந்த புதிதில் ஒரு சாயங்காலம் சர்க்கரை கேட்டுப் போனேன். அவரே கதவைத் திறந்து, "வாங்கக்கா, உட்காருங்க" என்று நாற்காலியைக் காட்டினார். உள்ளே போய் டப்பாவோடு வந்து நீட்டினார்.

"இருட்டிக்கிட்டு வருதே, விளக்கைப் போடக் கூடாதா?" என்றேன்.

"உங்களுக்கு வேணும்னா போட்டுக்குங்க. எனக்குப் பகலும் ராத்திரியும் ஒரே ரேட்டுதான்" என்றார்.

வீட்டுக்கு வந்து தேநீரில் சர்க்கரை போட்டுக் கலக்கிக்கொண்டிருக்கும்போதுதான் அந்தப் பேச்சு எனக்குப் புரிந்தது. கரண்டியை அப்படியே வைத்துவிட்டு நின்றேன்.

வேலைக்காலம் முழுக்க லிஃப்ட் பழுதுபார்த்த மனிதர். சர்க்கரை வியாதி கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. ஆனால் வீட்டுக்குள் அவர் நடக்கிற நடையைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. வாசல் கதவை ஒட்டி அவருடைய பழைய இரும்புக் கருவிப்பெட்டி. கால் அதில் பட்டால் வாசல் வந்துவிட்டது என்று அர்த்தம். அவர் அறையிலிருந்து வெளியே வந்தால் கூடத்துச் சுவர் நெடுக ஒரு மர அலமாரி. அதன் விளிம்பில் விரலை ஓட்டிக்கொண்டே நடப்பார். அலமாரி முடிகிற இடத்தில் நடைவழி ஆரம்பம். அங்கிருந்து மீன்தொட்டி மோட்டார் கொப்பளிக்கிற சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போனால் சமையலறை வாசல். அப்புறம் முகத்தில் அடுப்புச் சூடு. அதையும் தாண்டினால் பால்கனியில் செடிகளுக்கு ஊற்றிய ஈரமண் வாசனை. கைக்கு, காதுக்கு, தோலுக்கு, மூக்குக்கு என்று ஆளுக்கொரு அடையாளம். இறந்துபோன அவர் மனைவி உயிரோடு இருந்த காலத்திலேயே பழகிவைத்த பாதை அது.

வீட்டில் அவரோடு மகனும் மருமகளும். மகன் ரொட்டி அடுமனையில் வேலை, விடியுமுன்னே போய்விடுவான். கையெல்லாம் தட்டு சுட்ட தழும்பு. மருமகள் ஜன்னல் திரைகள் தைக்கிற கடையில் தையல்காரி; மிச்ச வேலையை வீட்டுத் தையல் இயந்திரத்தில் முடிப்பாள். அவளுக்கும் மாமனாருக்கும் இருந்த ஒட்டுதலைச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே அவருக்குக் கண் தெரியாது என்பதையே அவள் மறந்துவிட்டாள். துணியை அவர் மடியில் விரித்து, "மாமா, இந்த நீலம் பளிச்சுனு இருக்கா, அழுக்கா இருக்கா?" என்று கேட்பாள்.

"எனக்குப் பளிச்சுனுதான் இருக்கு" என்பார் அவர், முகத்தில் ஒன்றும் காட்டாமல். அப்புறம் கட்டைவிரலால் ஓரத்தைத் தடவி, "இங்க மட்டும் தையல் கொஞ்சம் தூங்கிடுச்சும்மா" என்பார். பார்த்தால் அந்த இடத்தில் ஒரு நூல் விட்டுப்போயிருக்கும்.

அவளுக்கு இரண்டு தடவை கரு தங்கவில்லை. முதல் தடவை அழுதாள். இரண்டாம் தடவை அழவில்லை, சிரிப்பை மட்டும் விட்டுவிட்டாள். ஒரு வீட்டில் ஒருத்தி சிரிக்காமல் இருந்தால் அது எதிர்வீடு வரைக்கும் கேட்கும், கண்ணுங்களா. பிறகு மூன்றாம் தடவை கரு தங்கியது. டாக்டர் அரைநாள் வேலை போதும், மீதி நேரம் படுத்திரு என்றார். அவள் படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டே பயந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் திரை தைக்கக் கொடுக்க வந்த ஒரு அம்மாள் அவளுக்குப் பழக்கமானாள். வீடுகளுக்குப் போய் ஃபெங் சுயி என்கிற சீன வாஸ்து பார்த்துச் சொல்கிறவள். கையில் எப்போதும் திசைகாட்டி இருக்கும். எங்கள் மாடியில் அவளுக்கு அந்தப் பேரே நின்றுவிட்டது. திசைகாட்டியம்மா ஏமாற்றுக்காரி இல்லை. இவளிடம் ஒரு காசு வாங்கவில்லை, முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு வந்தாள். நடந்ததற்கு அவளைத் திட்டி நான் எழுத மாட்டேன்.

அவள் வந்த அன்று நானும் இருந்தேன். கதவைத் திறந்தவர் லிஃப்ட்காரர். "வாங்கம்மா, செருப்பு அங்கேயே இருக்கட்டும், உள்ளே வாங்க" என்று முன்னால் நடந்து ஒவ்வொரு அறையாகக் காட்டினார். "இது என் ரூம். இது பிள்ளைங்க ரூம். இது சமையலறை, பார்த்து, படி இருக்கு." திசைகாட்டியம்மா ஜன்னல்களைப் பார்த்தாள், கதவுகளைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள். வழிகாட்டிய மனிதரின் கண்ணை மட்டும் பார்க்கவில்லை.

பிறகு எல்லோரையும் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னாள்.

"ஒரு வீட்டுக்குள்ள அஞ்சு பேரு இருக்காங்க. மரம், நெருப்பு, மண், உலோகம், தண்ணி. தண்ணி மரத்தை வளர்க்கும். மரம் நெருப்புக்குத் தீனி. நெருப்பு எரிஞ்சு சாம்பலாகி மண்ணாகும். மண்ணுக்குள்ள உலோகம் விளையும். உலோகம் குளிர்ந்தா அது மேல தண்ணி பூக்கும். இப்படி ஒண்ணை ஒண்ணு பெத்து வளர்த்துக்கிட்டுச் சுத்தி வரும்."

"வாஸ்தவம்தான். மழைநாள்ல லிஃப்ட் கம்பியெல்லாம் முத்து முத்தா வேர்க்கும்" என்றார் லிஃப்ட்காரர்.

"பார்த்தீங்களா, ஐயாவே சொல்றாரு. ஆனா வரிசை மாறி நின்னா அதே அஞ்சும் சண்டைபோடும். தண்ணி நெருப்பை அணைக்கும். நெருப்பு உலோகத்தை உருக்கும். உலோகம் மரத்தை வெட்டும். மரம் மண்ணைப் பிளக்கும். மண் தண்ணியை மறிக்கும். உங்க வீட்டுல அடுப்புக்கு நேரா மீன்தொட்டி. நெருப்பு நாளெல்லாம் தண்ணியைப் பார்த்துப் பயந்துக்கிட்டிருக்கு. நெருப்புதான் உயிர்ச்சூடு."

மருமகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பயந்துக்கிட்டிருக்கு" என்ற சொல் அவளுக்குள் எங்கேயோ போய்த் தொட்டது.

அவள் கணக்குப்படி மீன்தொட்டி வாசலுக்குப் போக வேண்டும். அதன் காலடியில் இரும்புப் பெட்டி, தண்ணீரைப் பெற்ற தாய் மாதிரி. மர அலமாரி நடைவழியின் கடைசிக்குப் போய் அடுப்புக்குப் பக்கபலமாக நிற்க வேண்டும். வாசல் தண்ணீரின் ஓட்டம் பிள்ளைகளின் படுக்கையறைக்குள் பாய்ந்துவிடாமல் மறிக்க, அறைக்கு முன்னால் நடைவழியில் ஒரு பெரிய மண்பாத்திரம். "ஜாடி என்கிட்ட ஒண்ணு சும்மாதான் கிடக்கு" என்றேன். அவர் எப்படி நடப்பார் என்று எனக்கும் தோன்றவில்லை. யாருக்கும் தோன்றவில்லை. அந்த மனிதர் அவ்வளவு நன்றாக நடந்து எங்கள் எல்லோரையும் மறக்கவைத்திருந்தார்.

அவர் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார். "அலமாரியை அவ்வளவு தூரம்..." என்று ஆரம்பித்தார். அதே நேரத்தில் மருமகள் என்னைப் பார்த்து, "அத்தை, உங்க ஜாடிக்கு என் குழந்தையோட பேரைத்தான் வைக்கணும்" என்று சொல்லிச் சிரித்தாள். எத்தனையோ மாதம் கழித்து வந்த சிரிப்பு. லிஃப்ட்காரர் அந்தப் பக்கமாக முகத்தைத் திருப்பினார். வாயை மூடிக்கொண்டார்.

போகும்போது திசைகாட்டியம்மா வாசலில் நின்று சொன்னாள்: "வெச்சது வெச்சபடி இருக்கட்டும். குழந்தை பொறக்கிற வரைக்கும் எதையும் அசைக்காதீங்க. ஒண்ணு அசைஞ்சா அஞ்சும் அசையும்."

ரொட்டிக்கார மகன் அன்றே எல்லாவற்றையும் மாற்றினான்.

மறுநாள் காலை என் கதவுக்கு வெளியே செருமல் கேட்டது. திறந்தால், பொது நடையில் லிஃப்ட்காரர் கையில் காலித் தம்ளரோடு நிற்கிறார். பழைய பழக்கத்தில் மீன்தொட்டிச் சத்தத்தைப் பிடித்து நடந்து, சமையலறை என்று நினைத்து வாசலைத் திறந்து வெளியே வந்துவிட்டார்.

"எங்க சமையலறை ராத்திரியோட ராத்திரியா வளர்ந்துடுச்சு போலிருக்கே" என்றார். சிரித்தார்.

"அடக் கடவுளே. நான் போய் அவகிட்டச் சொல்றேன்."

"வேணாம்க்கா."

"ஏன் வேணாம்? ஒரு வார்த்தை சொன்னா எல்லாத்தையும் பழையபடி வெச்சிடுவா."

"வெச்சிடுவா. அதுதான் வேணாம்கிறேன்." குரலைத் தாழ்த்தினார். "எனக்காக ஒண்ணை அசைச்சிட்டு, நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா? ஆயுசுக்கும் அவ அதையேதான் நெனச்சுக்கிட்டுக் கிடப்பா. குழந்தை வரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம். நான் என்ன மலையா ஏறப்போறேன்? நாலு சுவருக்குள்ள நடக்கிறேன்."

"விழுந்து வெச்சீங்கன்னா?"

"விழுந்தா எழுந்துக்கறேன். பழுதான லிஃப்டுக்குள்ள தொங்கின ஆளு நான். என்னை உள்ளே மட்டும் திருப்பி விடுங்க, போதும்."

தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டேன். அதன் பிறகு, மருமகள் கடைக்குப் போகிற அரைநாளில் அவர் தன் வீட்டையே புதிதாகப் படித்தார். வாசல் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுவார். நான் என் நாற்காலியில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே சொல்வேன்: "இடது பக்கம் வந்துட்டீங்க. ஜாடி, ஜாடி." சில நாள் நான் சொல்வதற்குள் முழங்கால் ஜாடியில் முட்டிவிடும். முன்பு சத்தம் அவரை முன்னால் இழுத்தது. இப்போது அதே சத்தத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை. அவருக்கு நதியை எதிர்த்து நடக்கிற மாதிரி. காலெல்லாம் கன்றிப்போனது. மகன் கேட்டால், "வயசாச்சுடா, ரத்தம் எங்கெங்கயோ போய் நிக்குது" என்பார்.

மருமகளோ நாளுக்கு நாள் தெளிந்தாள். வயிறு லேசாகத் தெரிய ஆரம்பித்தது. சாயங்காலம் படுத்துக்கொண்டே மாமனாருக்குக் கதை சொல்வாள். கடையில் முதலாளி திரையை மேலும் கீழும் மாற்றி மாட்டிய கதை. அவர் தன் அறையிலிருந்து சிரிப்பார்.

ஒருநாள் அவள் கட்டிலில் படுத்திருக்க, அறைக்கதவு திறந்திருந்தது. லிஃப்ட்காரர் சமையலறைக்குப் போனார். ஏதோ யோசனை போலிருக்கிறது, நேராக வந்து ஜாடியில் மோதினார். நல்ல அடி. வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. குனிந்து கணுக்காலைத் தடவினார். பிறகு ஜாடியின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார், தூங்குகிற பிள்ளையை எழுப்பிவிட்டவர் மாதிரி. ஜாடி அசைந்துவிட்டதோ என்று அடியைச் சுற்றித் தடவிப்பார்த்தார். அசையவில்லை. வலது பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு சுற்றிப் போனார்.

இதையெல்லாம் அவள் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, இந்த மனிதருக்குக் கண் தெரியாது என்று. அலமாரி ஏன் அங்கே இருந்தது, மீன்தொட்டி ஏன் அங்கே இருந்தது, எல்லாம் ஒரேயடியாக.

அவர் தன் அறைக்குத் திரும்பிப் படுத்த பிறகு அவள் எழுந்தாள். காலால் மெல்லத் தள்ளி, வழவழப்பான தரையில் ஜாடியைத் தன் அறைக்கதவுக்குப் பின்னால் மூலைக்கு நகர்த்தினாள். எல்லாவற்றையும் மாற்ற அவளுக்குத் தைரியம் வரவில்லை. அது ஒன்றை மட்டும் நகர்த்தினாள். யாரிடமும் சொல்லவில்லை.

லிஃப்ட்காரருக்கும் தெரியவில்லை. அந்த ஒரு அடி அவருக்குப் பாடமாகிவிட்டது. அதன் பிறகு அவர் ஒருநாளும் அந்த இடத்தில் தவறவில்லை. வலது சுவரைத் தொட்டுக்கொண்டு அழகாக வளைந்து போனார்.

அந்த வாரம் முடிவதற்குள் குழந்தை போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நல்ல பெண். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, இது யார் செய்த எதனாலும் இல்லை, நீங்கள் நடந்ததாலும் இல்லை, நின்றதாலும் இல்லை, கரு வளர்ந்த விதமே அப்படி என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். இவள் தலையை ஆட்டினாள். அந்த வார்த்தைகள் காதுவரைதான் போயின.

வீட்டுக்கு வந்து பேசாமல் கிடந்தாள். ரொட்டிக்காரன் வேலைக்குப் போகாமல் கொஞ்ச நாள் கூடவே இருந்தான். அப்புறம் போகவேண்டியதாயிற்று. போகும்போது என் கதவைத் தட்டி, "பார்த்துக்குங்க அத்தை" என்றான்.

அன்று பகலில் சூடாகப் பால் எடுத்துக்கொண்டு போனேன். குடிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, நான்தான் அசைச்சேன்."

"என்னத்தைம்மா?"

"ஜாடியை. மாமா கால்ல அடிபட்டதைப் பார்த்தேன், மனசு கேக்கல. நகர்த்திட்டேன். எதையும் அசைக்காதீங்கன்னு அவங்க அவ்வளவு சொன்னாங்க. என் கையாலயே நானே..." கையைப் பார்த்தாள். "காலால தள்ளினேன். பெத்த பிள்ளையைக் காலால தள்ளின மாதிரி."

"பைத்தியம் மாதிரிப் பேசாதே. டாக்டர் என்ன சொன்னாங்க?"

"டாக்டருக்கு என்ன தெரியும் அத்தை, அவங்க நம்ம வீட்டுக்கு வந்தாங்களா?"

அப்போது அறைவாசலில் நிழல் விழுந்தது. லிஃப்ட்காரர் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எப்போது வந்தார் என்று தெரியாது. எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"நீ அசைக்கலம்மா" என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அந்த ஜாடியை நான் முதல் நாளே நகர்த்திட்டேன். கால்ல இடறிக்கிட்டே இருந்துச்சு. நீங்க இல்லாத நேரமாப் பார்த்துத் தள்ளி வெச்சேன். சொல்லப் பயம். நீ நகர்த்தினப்போ அது ஏற்கெனவே இடம் மாறித்தான் இருந்துச்சு. நீ பண்ணினதுல ஒண்ணும் கெட்டுப்போகல. கெடுத்தது நான்."

அவள் என் கையை விட்டாள்.

"நீங்களா?" என்றாள்.

"நான்தான்."

"உங்களுக்குத் தெரியும்ல மாமா, நான் எப்படிப் பயந்துக்கிட்டிருந்தேன்னு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

அவள் முகம் சுவர்ப்பக்கம் திரும்பியது. இத்தனை வருஷத்தில் அவரிடம் அவள் பேசாத குரலில், "போங்க மாமா. இங்க நிக்காதீங்க" என்றாள்.

எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் ஒன்றையும் நகர்த்தவில்லை என்று எனக்குத் தெரியுமே. மாதக்கணக்கில் காய் நறுக்கிக்கொண்டு பார்த்தவள் நான். ஆனால் அவர் என் பக்கம் லேசாகக் கையை உயர்த்தினார். பேசாதீங்க அக்கா என்று அதற்கு அர்த்தம்.

திரும்பினார். நடைவழியில் இறங்கினார். கை அதே சுவரைத் தேடித் தொட்டது. அந்த இடம் வந்ததும், மெல்ல உடம்பை ஒடுக்கி, இடுப்பை வளைத்து, ஒன்றுமில்லாத வெறுந்தரையைச் சுற்றிக்கொண்டு நடந்து போனார். ஜாடி கதவுக்குப் பின்னால் மூலையில் இருந்தது.

சுவர்ப்பக்கம் திரும்பியவள் எப்போது தலையைத் திருப்பினாளோ, அதைப் பார்த்துவிட்டாள். அவர் போய்ச் சேர்ந்து, அறைக்கதவு மூடுகிற சத்தம் கேட்கிறவரைக்கும் அந்த வெறுந்தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை" என்றாள் மெதுவாக. "அவரே நகர்த்தியிருந்தா இப்படிச் சுத்திப் போவாரா? இதுவரைக்கும் அவருக்கு ஜாடி நகர்ந்ததே தெரியாது."

"ஆமாம்மா."

"எனக்காகப் பொய் சொல்றாரு."

"ஆமாம்."

"நான் அவருக்காக நகர்த்தினேன். அதுகூட அவருக்குப் பிரயோஜனப்படல." அப்போது அழுதாள். இரண்டாம் தடவையிலிருந்து சேர்த்துவைத்திருந்தது எல்லாம் வந்தது. நான் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். பால் ஆறி ஏடு படிந்தது.

அழுது முடித்து எழுந்து உட்கார்ந்தாள். "ஒரு கை கொடுங்க அத்தை." அவளைக் கட்டிலில் இருக்கச் சொல்லிவிட்டு நானே மூலையிலிருந்து ஜாடியை இழுத்தேன். அவள் கட்டிலிலிருந்தபடியே, "இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம். கொஞ்சம் முன்னால" என்று சொன்னாள். அவர் வளைந்த இடத்துக்குச் சரியாக நடுவில் அதை வைக்கவைத்தாள்.

மகன் வந்ததும் கோபத்தில் எல்லாவற்றையும் பழைய இடத்துக்கே இழுத்துப்போடப் பார்த்தான். "இந்த அஞ்சும் நமக்கு வேணாம்" என்றான்.

"விடுங்க. மாமா இப்பத்தான் பழகியிருக்காரு" என்றாள் அவள்.

பிறகு அவர்களுக்குக் குழந்தை பிறந்ததா என்று கேட்பீர்கள். இல்லை, கண்ணுங்களா. அந்த வீட்டில் மூன்று பேர்தான். நான் ஆசைப்பட்டு மாற்றி எழுதலாம், ஆனால் அவர்கள் அப்படியே வாழ்ந்துகொண்டிருக்கும்போது எனக்கு மனசு வரவில்லை.

ஜாடியைத் திரும்ப வைத்த மறுநாள் காலை என் கதவு திறந்திருந்தது, அவர்கள் கதவும் திறந்திருந்தது. லிஃப்ட்காரர் காலித் தம்ளரோடு அறையிலிருந்து வந்தார். தண்ணீர்ச் சத்தத்துக்கு முதுகைக் காட்டி நடந்தார். அந்த இடத்தில் வழக்கம்போல வளைந்தவர், பாதியில் நின்றார். அவள் நகர்த்திவிட்டதாகச் சொன்னது ஞாபகம் வந்திருக்க வேண்டும். இடது கையை நீட்டி, காற்றில் துழாவினார்.

விரல்கள் ஜாடியின் விளிம்பில் பட்டன.

கை விளிம்பைச் சுற்றி ஒரு வட்டம் போய் வந்தது. உள்ளே தையல் இயந்திரம் ஓட ஆரம்பித்து, நின்று, மறுபடி ஓடியது.

"மாமா, காபி அடுப்புல இருக்கு. பார்த்துப் போங்க" என்றாள் அவள், துணியிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

"பார்த்துத்தான்மா போறேன்" என்றார் அவர்.